பாயசத்தில் தீர்ந்த வீட்டுக்கடன்

வருஷங்கள்கூட அரசன் சொன்னபடி பிறந்துகொண்டிருந்த காலத்தில், மருதங்காட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ராஜாவின் பிறந்தநாளன்றுதான் அங்கே புது வருஷம் பிறக்கும். அவனுக்கோ பாயசம் குடிக்க ஆசை வந்த நாளெல்லாம் பிறந்தநாள். சில கோடைகளில் மாங்காய் பழுப்பதற்குள் மூன்று வருஷம் ஓடிவிடும்.

ஒருநாள் மிளகு விற்கும் சிலம்பாயி, கழுதைமேல் பத்துப் பை காசோடு அரண்மனைக்கு வந்தாள். கணவன் உயிரோடிருந்தபோது வீட்டை அடமானம் வைத்து அரசுக் கருவூலத்தில் கடன் வாங்கியிருந்தார்கள். ஏறாத, இறங்காத வட்டி. கட்டி முடிக்க இன்னும் நெடுங்காலம் ஆகும். அதுவரை தினமும் காலையில் ஒரு சேவகன் அவள் வாசலில் கொம்பூதி, "இது அடமான வீடு!" என்று கூவுவான்.

"சாமி, மிளகு நல்ல விலைக்குப் போச்சு. மீதிக் கடன் மொத்தமும் இதோ இருக்கு. நாளைக்கு என் மகளைப் பெண் பார்க்க வர்றாங்க. போன தடவை வந்தவங்க கொம்புச் சத்தம் கேட்டுச் செருப்பைக்கூட எடுக்காம ஓடிட்டாங்க."

கருவூலத் தலைவர் வீரபத்திரர் சிரித்தார். "முன்கூட்டிக் கட்டுவது குற்றம், சிலம்பாயி. வரப்போகிற வட்டியை நினைத்து ராஜா ஏற்கெனவே ஏப்பம் விட்டுவிட்டார். அந்த ஏப்பத்தை யார் திருப்பித் தருவது? பாதி வீட்டை அபராதமாகக் கொடு."

"அபராதம் இல்லாம வழியே கிடையாதா?"

"உண்டே! வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு முன்கூட்டிக் கட்டலாம். இன்று ஒரு பை கட்டு. அடுத்த பைக்கு அடுத்த வருஷம் வா."

பக்கத்தில் நின்ற அமைச்சர் அம்பலவாணரைக் கண்டாலே வீரபத்திரருக்கு வயிறு எரியும். அமைச்சர் சிலம்பாயியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போனார்.

சற்று நேரத்தில் சபைக்குள் பால் சுண்டும் மணம் வந்தது. ராஜாவின் மூக்கு விரிந்தது.

"அம்பலவாணரே, இன்று என்ன நாள்?"

"தாங்கள் சொல்வதுதான் நாள், மகாராஜா. உள்ளே அவல் வறுபடுகிறது."

"அப்படியானால் இன்று நான் பிறந்தேன்!"

முரசு முழங்கியது. வருஷம் பிறந்தது. சிலம்பாயி இரண்டாவது பையை அவிழ்த்தாள்.

அவல் கிண்ணம் காலியாகும் முன்பே பலாப்பழம் வெல்லப்பாகில் கொதித்தது. "போன வருஷப் பாயசத்தில் முந்திரி குறைவு" என்று சொல்லிக்கொண்டே ராஜா மறுபடி பிறந்தான். வாழ்த்துப் பாடிய புலவர்களுக்குத் தொண்டை கட்டியது. மாலையில், ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ராஜாவைத் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. கடைசிப் பையும் கருவூலத்தில் விழுந்தது.

வீரபத்திரர் ஓடிவந்தார். "மகாராஜா, மோசடி! ஒன்பது வருஷம் ஓடியிருந்தால் ஒன்பது வருஷ வட்டி எங்கே?"

"வட்டி பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்றல்லவா உங்கள் விதி?" என்றார் அம்பலவாணர். "வருஷம் மகாராஜாவின் பேச்சைக் கேட்கும். நிலா கேட்காதே! காலையிலிருந்து ஒரு பௌர்ணமிகூட வரவில்லை."

"இன்று பிறந்தவை வருஷங்களே அல்ல!"

"அப்படியானால் நான் பிறக்கவே இல்லையா?" என்றான் ராஜா. "வீரபத்திரரே, உமக்கு என்ன வயது?"

"ஐம்பத்திரண்டு, மகாராஜா."

"ஒன்பதைக் கூட்டும். அறுபது தாண்டியவருக்கு இங்கே வேலை இல்லை. வீட்டுக்குப் போம்."

"ஐயோ! என் தாயாரைக் கேட்டுப் பாருங்கள்!"

"அந்த அம்மாளுக்கும் இன்று ஒன்பது வயது கூடிவிட்டது. ஞாபகம் இருக்காது."

ராஜா வீட்டுப் பத்திரத்தைத் தன் கையாலேயே சிலம்பாயியிடம் கொடுத்தான். முன்கூட்டிக் கட்டுகிறவருக்கு இனி அபராதம் கிடையாது என்று முரசறையச் சொன்னான். கருவூலச் சாவி அம்பலவாணரின் இடுப்புக்கு வந்தது. சிலம்பாயி கும்பிட்டுவிட்டுக் கழுதையை விரட்டிக்கொண்டு விரைந்தாள்.

சபை கலைந்தது. ராஜா வெகுநேரம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அம்பலவாணரே, ஒன்பது வருஷம் போய்விட்டதே. அத்தனை வருஷமும் நான் என்னதான் செய்தேன்?"

"பாயசம் குடித்தீர்கள், மகாராஜா. கடைசி வருஷத்தில் மட்டும் ஒரு வீட்டைத் திருப்பிக் கொடுத்தீர்கள்."