செபமாலை அக்காவின் பொன்னாடை

கடற்கரையில் பாட்டுக் கச்சேரி. சேருகிற நிதி முழுக்க, அழிந்துபோன பவளப்பாறைகளில் புதுப் பவளம் நட்டு வளர்க்கிறவர்களுக்கு. ஏற்பாடு சூசை. அன்றைக்கு முதன்முதலாக மேடையேறிப் பாடப் போகிறவரும் அவர்தான்.

சூசை படகு எஞ்சின் மெக்கானிக். ஐம்பதைத் தொடும் வயதில் பாட்டுப் படிக்கச் சேர்ந்தவர். அவருடைய குரு அமலி டீச்சர் அவரைவிடச் சின்னவர். குரு சீடரை 'அண்ணே' என்பார். சீடர் குருவை 'டீச்சர்' என்பார். ஊரில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. இருவரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

கச்சேரிக்கு சூசை ஒரு சட்டம் போட்டிருந்தார். கடற்கரையில் ஒரு துண்டுக் குப்பை விழக்கூடாது. பிளெக்ஸ் கிடையாது, பேப்பர் கப் கிடையாது. டீ வேண்டுமென்றால் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவர வேண்டும். சவுக்குக் கம்பு நட்ட வாசலில் சாக்கோடு அவரே நின்றார். பங்குச் சாமியாரின் தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் மனுஷன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஓடிக்கொண்டிருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் அவருடைய அக்கா செபமாலை வந்தாள். அம்மா போனபிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஜரிகை பளபளத்தது.

"என்னக்கா இது?"

"பொன்னாடைலே."

"கவரு பிளாஸ்டிக்கு. உள்ள இருக்கது ஜிகினா. ஒரு தடவ போத்திட்டுத் தூக்கிப் போடுற குப்பை. உள்ள விட முடியாதுக்கா. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா கவரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சரிப்பா," என்று திரும்பி நடந்தாள். வாய்க்கு வாய் 'எலே' என்று கூப்பிடுகிறவள் அவள்.

கச்சேரி தொடங்கியது. சூசை மைக்கில் பேசினார், நல்ல கைதட்டல். பிள்ளைகள் பாடி முடித்தார்கள். அடுத்து அவர் பாட வேண்டும். முன்வரிசையில் அக்காவுக்குப் பிடித்து வைத்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

மேடைக்குப் பின்னால் டீச்சர் சுருதிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு துண்டுக் குப்பை இல்ல டீச்சர்," என்றார் சூசை. குரலில் சந்தோஷம் இல்லை. "அக்காவத்தான் காணல. கையில இருந்தத வீட்டுல வச்சிட்டு வந்துருவான்னு நெனச்சேன். ஏன் டீச்சர் வரல?"

"மைக்குல என்ன பேசினீய?"

"பவளம் கல்லு இல்ல, உசுருன்னு பேசினேன்."

"முன்னாடி அத ஏன் வெட்டுனாவளாம்?"

"கல்லுன்னு நெனச்சு. சுண்ணாம்புக்கு."

"அக்கா கையில இருந்தத என்னன்னு சொன்னீய?"

சூசை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது யாருக்குன்னு கேட்டீயளா அண்ணே?"

"மேடைக்கு வந்த பெரிய ஆளுங்களுக்குன்னு..."

"அக்கா என்கிட்ட வந்து கேட்டாவ. தம்பி மொத மொதல்ல மேடையேறுதான், அவனுக்குப் பச்சை எடுக்கவா மஞ்சள் எடுக்கவான்னு."

மேடையில் அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஓடுங்க. நீங்க வார வரைக்கும் நான் பாடுதேன்."

அக்கா வீடு கோயிலுக்குப் பின்னால்தான். விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை அடுப்படிக் குப்பைக் கூடையில், மீன் செதிலோடு கிடந்தது. சூசை அதை எடுத்து உதறினார்.

"வாய்க்கொழுப்புல சொல்லிட்டேன்க்கா. நீயே வந்து போத்திவிடு."

"நாறுதே அது."

"நாறட்டும்."

"ஊரு முன்னால குப்பைன்னு சொன்னியே."

"ஊரு முன்னாலதான் போத்தச் சொல்லுதேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எலே, காலையிலிருந்து எதுவும் தின்னியா?"

அவர்கள் வந்து சேர்ந்தபோது டீச்சர் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகப் பாடிக்கொண்டிருந்தார். கூட்டம் அலுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா மேடையேறித் தம்பிக்குப் பொன்னாடையைப் போர்த்தினாள். மஞ்சள் நிறம். பங்குச் சாமியார்தான் முதலில் கைதட்டினார்.

சூசை மைக்கைக் கையால் மூடிக்கொண்டு டீச்சர் பக்கம் குனிந்தார்.

"எல்லாருக்கும் சட்டம் போட்டுட்டு நானே ஜிகினாவோட நிக்கேன். பாட்டு முடிஞ்சதும் இத என்ன செய்ய டீச்சர்?"

டீச்சர் அவருக்குச் சுருதி பிடித்துக் கொடுத்தார்.

"தூக்கிப் போடாதீய அண்ணே. அம்புட்டுதான் நம்ம சட்டம்."