சூசைமாணிக்கத்தின் கையும் தேறிய கொசுக்களும்

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் பொறுப்பூர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால்தானோ என்னவோ, மலேரியாத் தடுப்பூசிச் சோதனைக்கு அந்த ஊரையே பிடித்தார்கள்.

ஊசி போட்டுக்கொண்டவன் சூசைமாணிக்கம். பயம் முழுக்க அவன் மனைவி பிலோமினாவுக்கு. ஊசி பலித்ததா என்று பார்க்க, கிருமியுள்ள கொசுக்களை அவன் கையில் விடுவார்களாம். பலிக்காவிட்டால் காய்ச்சல்தான். கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா டவுனுக்குக் கிளம்பும்போது வேலைக்காரர் இருவரிடமும் சொன்னார்: "கொசு வயித்தைக் கீறி, கிருமி எவ்வளவு இருக்குன்னு பாருங்க. சோதிக்காத கொசு எதுவும் அவர் கையில உட்காரக் கூடாது."

"உட்காராதும்மா," என்றான் ஒருவனான தஸ்நேவிஸ்.

முதல் கொசுவைக் கீறி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். கிருமி சரியான அளவு.

"இது தேறிடுச்சு. அடுத்ததைக் கூப்பிடு," என்றான் மற்றவன் குருசு.

பிலோமினா உள்ளே தலையை நீட்டினாள். "அண்ணே, ஒண்ணையும் நம்பாதீங்க. கூண்டு மூலையில இருக்கிற அந்தக் கொசு முழிக்கிற முழியே சரியில்ல."

"அதையும் அறுத்துடலாம் தங்கச்சி, நீ கவலைப்படாத."

பொழுது சாய்வதற்குள் கூண்டு காலி. கண்ணாடித் தகடுகளில் கொசுக்கள் வரிசையாகக் கிடந்தன. அத்தனையும் தேறியவை. ஒன்றுக்கும் உயிரில்லை.

"இது எப்படிய்யா கடிக்கும்?" என்றான் சூசை.

குருசு இடுக்கியைக் கையில் எடுத்தான். "கடிக்கிறதைப் பத்தி டாக்டரம்மா பேசவே இல்லையே. உட்கார்றதைப் பத்தித்தான் சொன்னாங்க."

நியாயம்தான். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் உட்காரவைத்தார்கள். பிலோமினா கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டினாள்.

சூசைக்கு மூக்கு அரித்தது. "ஹா..." என்று மூச்சை இழுத்தான்.

"தும்மாதீங்க!" என்று அலறினாள். "உங்க சளி கொசுவுக்கு ஒட்டிக்கிட்டா சோதனையே கெட்டுப்போகும்!"

அடக்கிக்கொண்டான், பாவம்.

வாரங்கள் போயின. காய்ச்சல் வரவில்லை. டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சூசைக்கு ஒண்ணுமே ஆகலையா? அந்தக் கொசுவெல்லாம் எங்க?"

பிலோமினா முந்திக்கொண்டாள். "ஊசி அவ்வளவு வேகம் டாக்டரம்மா! இவர் கையில உட்கார்ந்த கொசு ஒண்ணுகூட எழுந்திருக்கல."

டாக்டரம்மா நாற்காலியைத் தேடினார்.

பிலோமினாவுக்கோ பயம் விட்டுப்போயிற்று. நேரே வீட்டுக்குப் போனாள். தொட்டிலின் கொசுவலையைக் கழற்றி மடித்து வைத்தாள். பக்கத்தில் சூசையை உட்காரவைத்தாள். பிள்ளைக்கு மேலே, குறுக்காக, சூசையின் கையைக் கட்டித் தொங்கவிட்டாள்.