மில்காரர் ரசித்த பாட்டு

பொள்ளாச்சியில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் வயர் பற்றவைக்கிறவள் வேலாத்தா. போன வாரம் அவள் முடித்துக் கொடுத்த காரோடு அரிசி மில் நாச்சிமுத்து திரும்பி வந்து நின்றார்.

"கொசு பாடற மாதிரி இருக்குதம்மா. நான் வந்தா தெருவே அதிரோணும். பாட்டும் சுத்தமாக் கேக்கோணும்."

கடைக்காரர் வேலாத்தாவைத் தனியே கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

வேலாத்தா மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாள். சாயங்காலம் மில்காரரையும் அவர் டிரைவரையும் காரில் உட்காரவைத்து, தன் போனை இணைத்து, சத்தத்தைக் கடைசிவரை திருகினாள். கண்ணாடிகள் கடகடத்தன. எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது. மில்காரர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்.

"இதுதாம்மா பாட்டு. என்ன சுத்தம். யாரு பாடறது?"

"எங்க வீட்டு கிரைண்டருங்க. உளுந்து அரைபடுது."

டிரைவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இவ்வளவு சத்தம் வெச்சா பாட்டும் கிரைண்டரும் ஒண்ணுதானுங்க" என்ற வேலாத்தா, சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, அவர் கொண்டுவந்த பாட்டையே போட்டாள். பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்டது.

மில்காரர் பாட்டு முடியும்வரை அசையவில்லை.

"இப்படியே இருக்கட்டும்" என்றார். "அந்த உளுந்தை மட்டும் அழிச்சிரும்மா."

"நாளைக்கு அழிச்சிடறேனுங்க" என்று வேலாத்தா கடைக்காரரைப் பார்த்தாள். "வேலைக்கு வரலாமுங்களா?"