கரடி தேடிய ஊத்து

ஆனைக்கல் காட்டில் கருப்பாயி என்றொரு கரடி இருந்தாள். பனை உச்சியில் கட்டியிருக்கும் கலயத்தில் கள் நுரைத்துவிட்டதா இல்லையா என்று அடிமரத்தில் நின்றே மோந்து சொல்லிவிடுவாள். குடித்துவிட்டு அவள் ஓர் ஏப்பம் விட்டால், மேலே போகிற கிளிகள் கிறங்கிப்போய்ப் பின்பக்கமாகப் பறக்கும். பொய் என்பவர்கள் கிளிகளையே கேட்டுக்கொள்ளலாம்.

கரடிக்குட்டி தாயின் முதுகில் ஏறித்தான் காடு சுற்றும். அது கரடிக் குலத்து வழக்கம். ஒருநாள் நிறைபோதையில் வந்த கருப்பாயி, தன் குட்டி முதுகிலிருந்து நழுவியதைக் கவனிக்கவே இல்லை. தெளிந்து பார்த்தால் முதுகு வெறுமையாக இருந்தது! அலறிக்கொண்டு வந்தவழியே ஓடினாள். பாறை விளிம்பில் ஒரு காட்டுக்கொடியைப் பிடித்துக்கொண்டு குட்டி தொங்கியது. கீழே கிடுகிடு பள்ளம்!

எப்படியோ தூக்கிவிட்டாள். ஆனால் உடம்பு நடுங்கியது, நிற்கவே இல்லை. அந்த நடுக்கம் அடங்க என்ன செய்தாள் தெரியுமா? இன்னொரு கலயம் குடித்தாள்! குடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு நிஜமான பயம் பிடித்தது.

"அடுத்த தடவை அங்க கொடி இருக்குமா?"

செவியன் என்ற முயலைத் தேடிப் போனாள். அவன் ஒரு காலத்தில் கள் மண்டைக்கேறி யானையையே மல்லுக்குக் கூப்பிட்டவன். யானை பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டது. இப்போது அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை.

"செவியண்ணே, நீ எப்படி விட்டே?"

முயல் காதைத் தாழ்த்திக்கொண்டது. "தனியா விடல, தாயி. விட்டவங்க கூடுற கூட்டம் ஒண்ணு இருக்கு. பொழுது சாயுறப்ப ஊத்துக்கு வந்துடு!"

அதற்குள் புதருக்குள் ஏதோ சரசரத்தது. முயல் ஒரே தாவலில் மறைந்துவிட்டது.

தண்ணீர் பொங்குகிற இடமும் ஊத்துதான். கள்ளை ஊற்றினாலும் ஊத்துதான். குடிக்கிறவர் காதில் எது முதலில் விழும்? புதரிலிருந்து வெளியே வந்த நரியிடம் கருப்பாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நரியண்ணே, விட்டவங்க கூட்டம் நடக்குற ஊத்து எங்க இருக்கு?"

"இதென்ன கேள்வி! எங்க ஊத்துறாங்களோ அதுதான் ஊத்து. கீழத்தோப்புதான்! வா தங்கச்சி, நானே கூட்டிட்டுப் போறேன்!"

கருப்பாயி ஏறிக் கலயத்தை உருட்டினால்தான் நரிக்குக் கள். நரிக்குப் பனை ஏறத் தெரியுமா என்ன?

தோப்பில் பன்றிகள் சேற்றோடு சேறாகக் கிடந்தன.

"இதுவா விட்டவங்க கூட்டம்?"

"ஆமா! எல்லாரும் நாளைக்கு விடப்போறவங்க. இன்னிக்குக் கள்ளுக்கு வழியனுப்பு விழா! ஏறு, ஏறு!" பன்றிகள் உருண்டு உருண்டு சிரித்தன.

காற்றில் நுரைவாடை வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றது மனசு. கால்கள் பாதிப் பனை ஏறிவிட்டிருந்தன. அப்போது பிடரியில் சுருக்கென்று வலித்தது. முதுகில் இருந்த குட்டியின் நகங்கள்!

"ஏன்டா இந்தப் பிடி பிடிக்கிற?"

"அம்மா, இந்த மரம் அந்தப் பாறையைவிட உசரமா?" என்று கேட்டது குட்டி.

கருப்பாயி அப்படியே பிடியைத் தளர்த்தினாள். சர்ரென்று சறுக்கி இறங்கினாள்.

"ஏய், ஒரு வாய்தானே!" என்று நரி கத்தியது.

அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். நாக்கு வறண்டது. தண்ணீரின் வாடை பிடித்துக்கொண்டு மேட்டுப் பாறைக்கு வந்தாள். அங்கே மண்ணுக்குள்ளிருந்து நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பாறைக்கு அந்தப்பக்கம் பேச்சுக்குரல்.

"அட மடச்சி! தண்ணி ஊத்தைத்தானே சொல்லியிருக்கான்!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எட்டிப் பார்த்தவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிறுத்தை! முதுகிலோ குட்டி! ஓடத் திரும்பினாள்.

"தாயி, ஓடாதே!" சிறுத்தையின் பக்கத்திலேயே செவியன் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே! அது பக்கத்துல எப்படி உக்காந்திருக்க?"

"பொழுது சாஞ்சா இவன் பல்லைவிட, கள்ளு கேக்குற என் நாக்குதான் எனக்குப் பயம்!"

சிறுத்தை தன் மொட்டை வாலைத் தூக்கிக் காட்டியது. "போதையில பாம்புன்னு நினைச்சு நானே கடிச்சுட்டேன், தங்கச்சி. இங்க யாரும் யாரையும் அடிக்க மாட்டோம், சிரிக்க மாட்டோம். உக்காந்து சொல்லு."

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"நான்... என் பிள்ளையைப் பள்ளத்துல போடப் பார்த்தவ. இப்பவும் தோப்பு வாடை மூக்குலயே நிக்குது. திரும்பப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

"எங்களுக்கும்தான். அதனாலதான் நாளைக்கும் வருவோம்" என்றது சிறுத்தை.

தோப்பிலிருந்து நரி ஊளையிட்டது. "கருப்பாயீ! நுரை பொங்குதுடீ!"

அவள் தலை தோப்புப் பக்கம் திரும்பியது. முயல் ஒரு கையைப் பிடித்துக்கொண்டது. சிறுத்தை நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டு மறுகையைப் பிடித்துக்கொண்டது. நரி இன்னும் ஊளையிட்டது. கருப்பாயி எழுந்திருக்கவில்லை.

பயத்தைக் கள்ளில் முக்கினால் அது ஊறிப் பெருகும். அதே பயத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னால்தான் அது சுருங்கும்.