கண்ணாடி மேலே போகும் நேரம்

ஆறுமுகநயினார் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். லாரிக்காரன் சொல்வதை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. லாரி சொல்வதை மட்டும் நம்புவார். அப்படிப்பட்டவர் ஓய்வூதியம் வாங்கும் வயதில் ஒரு குருவைத் தேடிப் பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படி ஏறினார்.

குருவின் பெயர் ஜெசிந்தா. கேமரா பழுது பார்ப்பாள். பழைய கேமராக்களை வாங்கி விற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படமெடுக்கக் கற்றுக்கொடுப்பாள். அதனால் எல்லோருக்கும் டீச்சர். சீடருக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. குரு என்றால் தாடி இருக்கவேண்டும் என்று எண்ணுகிறவர்கள், இந்தக் கதையில் தாடி சீடருக்கு இருந்தது என்று சமாதானம் கொள்ளலாம்.

"டீச்சர், புதுசா எடுத்துப் பழகுதவனுக்கு எந்தக் கேமரா நல்லது?"

"யாரை எடுக்கப் போறீங்க, அண்ணாச்சி?"

"அத விடுங்க. மெகாபிக்சல் கூடுதலா இருந்தாத்தான் நல்லதா? கூட வார லென்ஸே போதுங்கான் ஒருத்தன். அதைத் தூக்கிப் பரண்ல போடுங்கான் இன்னொருத்தன். நானும் வீடியோவா பாத்துத் தள்ளுதேன். பாக்கப் பாக்க உள்ளதும் குழம்புது."

"யாரை?"

ஆறுமுகநயினார் தாடியைத் தடவினார்.

"எங்க வீட்ல."

ஜெசிந்தா எழுந்து கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு சிறு பல்பு ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் வாசலைப் பார்த்து.

"இம்புட்டும் பழசா?"

"ரொம்பப் பழசில்ல. எல்லாம் ஒவ்வொருத்தர் வாங்குன முதல் கேமரா. ஆசையாக் கொண்டு போவாங்க. கொஞ்ச நாள்ல திருப்பிக் கொண்டாந்துருவாங்க."

"ஏன், படம் ஒழுங்கா விழலியா?"

"விழுந்துரும். அதான்."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கறுப்பாக ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டினார். அடிப்பாகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஊதினார்.

"எஃப்.சி. குடுத்தாச்சா?" என்றாள் அவள், லாரிக்குத் தகுதிச் சான்று கேட்பதுபோல.

"ஓட்டிப் பாக்காமச் சொல்ல மாட்டேன்."

"ஓட்டிப் பாருங்க. ஒரே ஒரு முகம். எடுத்துட்டு வாங்க."

எடுக்கவேண்டியது அவர் மனைவி காந்திமதியின் முகம். அவள் தாடையில் ஒரு கட்டி வந்திருந்தது. ஒரு பக்கத்துத் தாடை எலும்பை எடுத்துவிட்டுக் காலிலிருந்து வேறு எலும்பு எடுத்து வைக்கவேண்டும், உயிருக்குப் பயமில்லை, முகம் மட்டும் பழைய முகமாக இருக்காது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்ப வேற பொம்பளையாத்தான் வெளிய வருவேனா?" என்று காந்திமதி கேட்டாள். "இவுக குடுத்து வச்சவுக." டாக்டர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். போவதற்கு முன்னால் இந்த முகத்தை ஒரு படம் எடுத்து வைக்கவேண்டும். போனில் வேண்டாம், அது எவளோ ஒருத்தியை வெள்ளையடித்துக் காட்டுகிறது. ஸ்டுடியோவும் வேண்டாம்.

"ஸ்டுடியோக்காரன் நாடியைப் பிடிச்சு மூஞ்சிய நிமித்துவான். இனிமே இந்த நாடியை ஆரும் தொடப்பிடாது. நீங்களே எடுங்க."

ஆயுளில் ஒரு படமும் எடுத்திராத மனிதர் குருவைத் தேடிப் போனது இப்படித்தான்.

பின்கட்டு அறையின் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் காந்திமதி உட்கார்ந்தாள். மாம்பழ நிறச் சேலை. கேமராவின் அந்த மின்னல் வெளிச்சம் மட்டும் வேண்டாம், கண் கூசுகிறது என்றாள். வெளிச்சம் குறைந்தால் கேமரா சற்று அதிக நேரம் திறந்திருக்கவேண்டும். அதற்கு எந்தச் சக்கரத்தைத் திருப்புவது என்று ஜெசிந்தா காட்டிக் கொடுத்திருந்தாள். அவர் திருப்பினார். ஒற்றைக் கண்ணைக் கேமராவின் பார்வைத் துவாரத்தில் வைத்தார்.

உள்ளே காந்திமதி சிரித்துக்கொண்டிருந்தாள். தெரு முழுவதும் அறிந்த சிரிப்பு. இழவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு வருகிறவள் என்று சொந்தக்காரர்கள் ஏசுவார்களே, அந்தச் சிரிப்பு.

அழுத்தினார்.

டக். துவாரம் இருண்டது. டக். மறுபடி வெளிச்சம். மறுபடி அதே சிரிப்பு, ஒரு மயிரிழை நகராமல்.

கேமராவின் முதுகில் படம் வந்தது. அதே சேலை, அதே நாற்காலி. அதில் இருந்தவள் சிரிக்கவில்லை. தூரத்திலிருந்து சுமந்து வந்த குடத்தை இறக்கத் தொடங்குகிறவளைப் போல அவள் உதட்டோரங்கள் மெல்லத் தாழ்ந்திருந்தன.

அவர் தலையைத் தூக்கி நேரே பார்த்தார். காந்திமதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று எடுத்தார். குடம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"விழுந்துச்சா?"

"வெளிச்சம் பத்தல."

"எங்க, காட்டுங்க."

"கறுப்பா இருக்கு. என்னத்தக் காட்ட?"

பிறகு அவர் தெருவில் இறங்கி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மரியதாஸைப் படம் எடுத்தார். துவாரத்தில் சிரித்த மரியதாஸ் படத்திலும் சிரித்தார். காலண்டரை எடுத்தார். சுவர்மேல் பூனையை எடுத்தார். காலண்டர் காலண்டராகவும் பூனை பூனையாகவும் விழுந்தன. ஊரெல்லாம் ஒழுங்காக ஓடி, ஒரே ஒரு ஆளை ஏற்றினால் மட்டும் மக்கர் செய்யும் வண்டியை அவர் தம் சர்வீஸில் கண்டதில்லை.

"டீச்சர், இதுல ஏதோ கோளாறு."

ஜெசிந்தா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். படத்தை அழிக்காமல் கேமராவைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தாள்.

"இது வேற கம்பெனி."

"இது விழுமா?"

"முகத்தை எடுத்துட்டு வாங்க, அண்ணாச்சி."

மறுபடியும் ஜன்னலோரம். மறுபடியும் அதே சேலை. படம் விழும்வரை அதை மடித்து வைக்கப்போவதில்லை என்று காந்திமதி சொல்லிவிட்டாள். துவாரத்தில் சிரிப்பு. டக். இருட்டு. டக். சிரிப்பு.

படத்தில் இருந்தவள் இப்போது ஒரு கையைத் தூக்கித் தன் நாடியைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்கள் நேரே அவரைப் பார்த்தன. எதிரே ஆள் இருப்பது தெரியாதவளின் பார்வை அல்ல. ஆள் இருக்கிறான், இப்போது அவனுக்குக் கண் தெரியாது என்று அறிந்தவளின் பார்வை.

ஆறுமுகநயினார் கேமராவை மடியில் இறக்கினார்.

"இப்ப நாடியில கை வச்சியா?"

"கை மடியில கெடக்கு. பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பெறகென்ன கேள்வி? எங்கயோ போற லாரியில லைட் எரியலன்னா இங்கருந்து கண்டுபிடிப்பீங்க. எதுக்க ஒரு பொம்பள குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஒரு படம் விழ மாட்டேங்குது."

"வெளிச்சம் பத்தல, காந்தி."

"சூரியனுக்கு மெமோ குடுங்க."

அவர் அந்தக் கேமராவையும் கொண்டுபோய் வைத்தார். ஜெசிந்தா மூன்றாவதைக் கொடுத்தாள். இந்த முறை அவர் அதை ஆட்டிப் பார்க்கவில்லை.

மதுரைக்குக் கிளம்ப ஒரு நாள் இருந்தது. காந்திமதி ஆஸ்பத்திரிப் பையில் துண்டுகளை மடித்து வைத்துவிட்டு, முகம் கழுவி, பவுடர் போட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு விட்டா இந்த மூஞ்சி கெடைக்காது. பாத்து எடுங்க."

அவர் பார்த்தார். கண் வலிக்கும் அளவுக்குப் பார்த்தார். அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பொட்டு எங்கே, மூக்குத்தியில் ஜன்னல் எப்படி விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நிறுத்திக்கொண்டு அழுத்தினார்.

டக்.

இந்த இருட்டு நீளமாக இருந்ததுபோல் பட்டது. சத்தம் எதுவும் இல்லை. ஆனால் சத்தமில்லாமல் யாரோ வாய்விட்டு அழுகிற அறைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

டக். சிரிப்பு.

படத்தில் வாய் திறந்திருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. இரண்டு கன்னங்களும் நனைந்து, தண்ணீர் தாடைவரை இறங்கி, கட்டி இருந்த இடத்தில் தயங்கி நின்றது.

அவர் கேமராவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் அவள் கன்னத்தைத் தொட்டார். காய்ந்திருந்தது. விரலில் பவுடர் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன, பவுடர் திட்டா இருக்கா?" என்று காந்திமதி கேட்டாள், சிரித்துக்கொண்டே.

கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்துவரும் அந்தச் சிரிப்பைக் கண்டு அவர் பயந்தது அப்போதுதான்.

"டீச்சர், மூணும் பெயில்," என்றார் மாடியேறிய மூச்சோடு. "மூணுலயும் எவளோ ஒருத்தி விழுதா. என் பொண்டாட்டி விழலை."

ஜெசிந்தா அவர் கையிலிருந்த கேமராவை வாங்கி, லென்ஸைத் திருகிக் கழற்றி, கேமராவின் திறந்த வாயை அவர் பக்கம் காட்டினாள்.

"உள்ள என்ன இருக்கு?"

"சின்னதா ஒரு கண்ணாடி. சாய்ச்சு வச்சிருக்கு."

"லென்ஸ் வழியா வாரதை இதுதான் உங்க கண்ணுக்குத் திருப்பி விடுது. இது இறங்கி நிக்கிற வரைக்கும் நீங்க பாக்கலாம், படம் விழாது. இது மேல போனாத்தான் படம் விழும். அப்ப உங்களுக்கு இருட்டு."

அழுத்திக் காட்டினாள். கண்ணாடி துள்ளி மேலே போயிற்று. அதன் பின்னால் ஒரு கறுப்புக் குழி திறந்து மூடியது.

ஆறுமுகநயினார் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, படத்துல விழுந்ததை..."

"எடுத்தவங்க பாத்ததில்ல. இந்தக் கேமராவுல ஒருத்தரும் பாத்ததில்ல."

"இருக்கட்டும். கண்ணை மூடித் தொறக்குற நேரம். அதுக்குள்ள ஒரு மனுசி அழுது முடிச்சு, மூஞ்சியத் தொடச்சு, பழையபடி சிரிச்சிர முடியுமா?"

"எங்க முடிச்சாங்க?"

ஜெசிந்தா மூன்று கேமராக்களையும் மேசைமேல் வரிசையாக வைத்து, மூன்றின் முதுகிலும் படத்தை வரவழைத்தாள். இறங்கும் உதடு. நாடியைப் பொத்திய கை. நனைந்த முகம்.

"ஒரே அழுகைதான், அண்ணாச்சி. தவணையில அழுதிருக்காங்க."

அலமாரிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்த கேமராக்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அக்கா உங்க முன்னால அழுது பாத்திருக்கீங்களா?"

அவர் யோசித்தார். மாமனார் செத்தபோது அவள் அழ வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பிறந்த பிள்ளை தங்காமல் போனபோது அழுதவர் அவர். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டவள் அவள்.

"இல்ல."



அவர் மூன்று கேமராக்களையும் அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

"ஹைரோட்டுல ஒரு கடையில சொன்னான். இப்ப கண்ணாடியே இல்லாத கேமரா வருதாம். அதுல இருட்டே கெடையாதாம். எடுக்கும்போதும் ஆளு தெரிஞ்சுக்கிட்டே இருக்குமாம்."

"ஆமா."

"உங்ககிட்ட இருக்கா?"

ஜெசிந்தா மேசை இழுப்பறையைத் திறந்து, சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இருக்கு."

"அதைக் குடுங்க, டீச்சர். விடிஞ்சா கெளம்பணும். அதுக்குள்ள அவ சிரிக்கது எனக்கு விழணும். அழுத்தும்போதும் நான் அவளைப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கப்பிடாது."

அவள் அதை அவர் பக்கம் நகர்த்தினாள். அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"கொண்டு போங்க, அண்ணாச்சி. அந்த ஒரு நொடியையும் நீங்க எடுத்துக்கிட்டா, அக்கா எங்க போயி அழுவாங்க?"