நாலாவது மூலை

அன்று மடத்துப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். குரு, வயது நாற்பத்தாறு, தச்சு வேலை தெரிந்தவர். அவருடைய சீடர் மாசிலாமணி, வயது அறுபத்து மூன்று. மாசிலாமணியின் மகள் தெய்வாத்தாள், நூல் மில்லில் வேலை செய்பவள். ஒரு நாள் லீவு போட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். நான்காவது, மடத்துச் சாமான்களைக் கணக்கு வைக்கும் நான். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அது மடத்து நாய் அல்ல, அதனால் சேர்க்கவில்லை.

பலகை ஒன்று. புளியம்பலகை. நீளம் இரண்டடி, அகலம் அரையடி, கனம் ஒன்றரை அங்குலம்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசிலாமணியின் ஊரில் கோயிலை ஒட்டி ஒரு புளியமரம் நின்றது. பேய் பிடித்ததென்று சொல்லி அங்கே பெண்களைக் கூட்டிவருவார்கள். உச்சியில் ஒரு கற்றை முடியை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்து, பிறகு முடியை அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்குப் போவாள். அது அங்கே வழக்கம்.

சாலையை அகலப்படுத்தும்போது மரத்தை வெட்டினார்கள். ஆணி மரம் என்று யாரும் வாங்கவில்லை. மடத்துக்கு ஏழு பலகைகள் வந்தன. பிடுங்கிய ஆணிகள் ஒரு தகர டப்பாவில் வந்தன. எண்ணினேன். நாற்பத்தாறு. பூசாரியின் மகனைக் கேட்டதற்கு, தன் அப்பன் காலத்தில் நாற்பத்தேழு பெண்கள் என்றான். ஒன்று குறைகிறது என்று எழுதிவைத்தேன்.

குறைந்த ஆணி தன்னுடையது என்று மாசிலாமணி சொன்னார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் தன் மனைவி வஞ்சியம்மாளை அவர் அந்த மரத்தடிக்குக் கூட்டிப் போயிருந்தார். அன்றைக்குப் பூசாரியிடம் ஆணி தீர்ந்துவிட்டது. இவர் வண்டிக்காரர். தன் வண்டியிலிருந்து சதுரத் தலை ஆணி ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். பூசாரிக்கு வயதாகிக் கை நடுங்கியது. சுத்தியலையும் இவரே வாங்கிக்கொண்டார்.

பதினோராம் நாள் வஞ்சியம்மாள் கிணற்றில் கிடந்தாள்.

மகள் பாட்டி வீட்டுக்குப் போனாள். இவர் ஊரை விட்டுப் போனார். பல வருஷம் கழித்து ஒருநாள் வந்து பார்த்தபோது மரத்தில் மற்ற ஆணிகள் நின்றன. சதுரத் தலை ஆணியைக் காணவில்லை.

"மரமே அதை வேண்டாம்னு தள்ளிருச்சுங்க" என்று அவர் மடத்துக்கு வந்த நாளிலிருந்து சொல்லிவந்தார். ஒன்பது வருஷம். மகளுக்கும் அப்படியே எழுதினார். கடிதம் மூன்று. பதில் ஒன்று. அம்மாவின் சீப்பு உங்களிடம் இருந்தால் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

சீப்பு இருந்தது. அதை வெறுமனே எடுத்துக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பெட்டி செய்து அதில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். வஞ்சியம்மாளை விட்டுவிட்ட மரம் அது, அதில்தான் செய்ய வேண்டும் என்றார். ஏழு பலகைகளையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, ஆணித் துளை ஒன்றுகூட இல்லாத பலகையை எடுத்துவைத்தார். மரத்தின் ரேகை பெட்டியின் நான்கு பக்கமும் எங்கும் அறுபடாமல் சுற்றிவர வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இப்போது அந்த நாள்.

"சாமி, மூணு மூலை சேருதுங்க. நாலாவது சேரமாட்டேங்குது. வேற பலகையில ரெண்டு தடவை செஞ்சு பாத்துட்டேன்" என்றார் மாசிலாமணி.

குரு செய்தித்தாளில் ஒரு நீளத் துண்டைக் கிழித்தார். பென்சிலால் அதில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். மூன்று இடத்தில் மடித்துச் சதுரமாக நிறுத்தினார். மூன்று மடிப்பிலும் கோடு தொடர்ந்து போயிற்று. துண்டின் இரண்டு முனையும் வந்து சேர்ந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு கீழே நின்றது, மற்றது மேலே நின்றது.

"புறப்பட்ட இடம் ஒண்ணு. வந்து நிக்கிற இடம் ஒண்ணு. எப்படிப் பெரியவரே சேரும்?"

"வழியே இல்லீங்களா?"

"இருக்கு. பலகையைக் கனத்துல ரெண்டாப் பொளக்கணும். புஸ்தகம் மாதிரி விரிக்கணும். உள்ள இருந்த முகம் ரெண்டும் வெளிய வரும். ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பாத்த மாதிரி இருக்கும். அப்ப நாலும் சேரும்."

"பொளந்தறலாமுங்க."

"உள்ள என்ன இருக்கும்னு சொல்ல முடியாது."

"பாத்துத்தானுங்க எடுத்தேன். ஒரு ஓட்டை இல்லை."

"வெளிய" என்றார் குரு.

தெய்வாத்தாள் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"எனக்கு மூணரை மணிக்கு பஸ்ஸு. சீப்பைக் குடுத்தா நான் பாட்டுக்குப் போயிருவேன். பெட்டி நான் கேக்கலை."

"செத்த இரு, கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிட வேண்டாமுங்க."

மாசிலாமணி பலகையைப் பிடிப்பில் நிறுத்தி இறுக்கினார். பெரிய ரம்பத்தின் ஒரு பிடியைக் குரு பிடித்தார், மறு பிடியை அவர் பிடித்தார். அறுக்கத் தொடங்கினார்கள். புளிய மரம் இரும்பு மாதிரி. மெதுவாகத்தான் இறங்கும்.

"உங்க முறைக்கு இழுங்க. என் முறைக்குச் சும்மா விடுங்க. நீங்க ரெண்டுக்கும் பலம் குடுக்கறீங்க" என்றார் குரு.

"மாடு ஓட்டுன கைங்க."

"அந்த மாடு செத்ததும் அதனாலதான்" என்றாள் தெய்வாத்தாள்.

குரு அவள் பக்கம் திரும்பினார். "மில்லுல என்ன வேலை, அம்மா?"

"அறுந்த நூலை முடியறது."

"முடிச்சு வெளிய தெரியுமா?"

"தெரியாம எப்படி இருக்கும்? தெரியக் கூடாதுன்னா நூலு அறுந்திருக்கக் கூடாது."

இருபத்தோராம் அங்குலத்தில் ரம்பம் கத்தியது. நாய் எழுந்து போய்விட்டது. ரம்பத்தை வெளியே எடுத்தார்கள். மூன்று பல் உடைந்திருந்தது.

குரு ஆப்பு ஒன்றை எடுத்து மாசிலாமணியிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. பிறகு வாங்கினார். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதில் மீதி மூன்று அங்குலமும் பிளந்து பலகை திறந்தது.

இடது பாதியில் ஓர் ஆணி படுத்திருந்தது. வலது பாதியில் அது இருந்த அச்சு. இரண்டிலும் ஆணியைச் சுற்றிப் மாங்கொட்டை அளவில் கறுப்பாகக் கறை ஏறியிருந்தது.

ஆணியின் தலை சதுரம். தலைக்குக் கீழே முடி சுற்றியிருந்தது.

தெய்வாத்தாள் எழுந்து வந்து பார்த்தாள். தொடவில்லை.

"விழுந்துருச்சுன்னு எழுதியிருந்தீங்க."

"தேடினேன், அம்மிணி. காணலை."

"உள்ள தேடினீங்களா?"

மாசிலாமணி குருவைப் பார்த்தார். "மத்ததெல்லாம் வெளிய நின்னுதுங்களே சாமி. இது மட்டும் எப்படீங்க உள்ள போச்சு?"

குரு தகர டப்பாவிலிருந்து ஓர் ஆணியை எடுத்து அவர் கையில் வைத்தார். நுனிப் பாதி ஒரு நிறம், தலைப் பாதி ஒரு நிறம்.

"இது பூசாரி அடிச்சது. பாதிதான் எறங்கியிருக்கு. வெளிய நீட்டிட்டு இருந்ததை மரத்தால மூட முடியலை. தலை வரைக்கும் எறங்குனதை மூடிருச்சு." அவர் பிளந்த பலகையைப் பார்த்தார். "நல்லா அடிச்சிருக்கீங்க, பெரியவரே."

மாசிலாமணி தரையில் உட்கார்ந்தார்.

தெய்வாத்தாள் குருவிடம்தான் பேசினாள். "தம்பி பொறந்து ஒம்பதாம் நாள் செத்துப்போனான். அதுக்கப்புறம் நாப்பது நாள் அம்மா வாயே திறக்கலீங்க. அதுக்குத்தான் பேய்ன்னு பேரு வெச்சாங்க. என்னையும் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முடியை இழுத்துப் புடிச்சு ஆணி அடிக்கறப்ப அம்மா ஒரு வார்த்தை பேசினா. வலிக்குதுன்னா. ஐயோ பேய் பேசிருச்சுன்னு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க."

நிறுத்தினாள்.

"நானும் கும்பிட்டேன். எனக்கு ஏழு வயசு."

மணி பத்தரை.

"பெட்டி வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார் குரு. யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"செய்யட்டும். மூணரைக்குள்ள செய்யட்டும். பாத்துட்டுப் போறேன்" என்றாள் தெய்வாத்தாள்.

மாசிலாமணி எழுந்தார். ஆணியை நெம்பி எடுத்து மேசையில் வைத்தார். பலகையின் இரு பாதிகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு குருவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். பட்டறை சிறியது. எல்லாருக்கும் கேட்டது.

"சாமி, கறை இருக்கற துண்டை வெட்டிப்போட்டுட்டா?"

"வெட்டலாம். நாலாவது மூலை சேராது."

"கறை இருக்கற முகத்தை உள்பக்கமாத் திருப்பிட்டா?"

"திருப்பலாம். சீப்பு அதையே பாத்துட்டு இருக்கும்."

தெய்வாத்தாள் சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

அவர் இழைக்க ஆரம்பித்தார். கறை போகுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இழைப்புக்கும் கறை கொஞ்சம் வடிவம் மாறியது, போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான்கு பேரும் போகவில்லை. ஒவ்வொரு பாதியையும் இரண்டாக அறுத்தார். பக்கம் நான்கு, ஒவ்வொன்றும் பதினோரு அங்குலம். முனைகளைச் சாய்த்துச் சீவினார். மூன்று மணிக்குப் பசை தடவி, நான்கையும் சதுரமாக நிறுத்திக் கயிற்றால் கட்டினார். அடிப்பலகையும் மூடியும் இன்னும் இல்லை.

ரேகை சேர்ந்திருந்தது. நான்கு மூலையிலும் சேர்ந்திருந்தது. அவர் இத்தனை நாள் கேட்ட நாலாவது மூலைக்கு இந்தப் பக்கம் மூன்று அங்குலத்தில் ஒரு கறை, அந்தப் பக்கம் மூன்று அங்குலத்தில் ஒரு கறை. மூலையை முன்னால் வைத்துப் பார்த்தால் இரண்டு கண்.

தெய்வாத்தாள் ஒரு விரலைப் பெட்டியின் மேல் வைத்துச் சுற்றிவந்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று சுற்று. எந்த மூலையிலும் விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கறை இரண்டு தடவை வந்தது.

"சேந்திருக்கு" என்றாள்.

மாசிலாமணியின் முகம் அசைந்தது. அவர் உள்ளே போய்ச் சீப்பைக் கொண்டுவந்தார். மரச் சீப்பு. பல் இரண்டு இல்லை. அதை வேட்டி முனையால் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார். அதற்குள் அவள் கை நீட்டியிருந்தாள். கொடுத்தார்.

அவள் கைக்குட்டையை மேசையில் விரித்தாள். ஆணியை எடுத்து, முடியை நகத்தால் நெகிழ்த்தி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நூல் பிரித்துப் பழகிய விரல்கள். பிரிக்கும்போது ஒன்றுகூட அறுபடவில்லை. ஒவ்வொன்றையும் கைக்குட்டையில் நீட்டிப் படுக்க வைத்தாள். அவள் உதடு எண்ணுவதைப் பார்த்து நானும் எண்ணினேன்.

"எத்தனைங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"இருபத்து மூணு."

"எனக்கும் அதுதான்."

கைக்குட்டையை மடித்துச் சீப்போடு சேர்த்து முந்தானையில் முடிந்தாள். ஆணியை மேசையிலேயே வைத்தாள். பையை எடுத்தாள். மணி மூன்று பதினைந்து.

"பெட்டி, அம்மிணி" என்றார் மாசிலாமணி. "பசை காஞ்சதும் மூடி போட்டு நானே கொண்டாந்து குடுக்கறேன்."

தெய்வாத்தாள் வாசலில் நின்றாள்.

"அம்மாவை மறுபடியும் அந்த மரத்துக்குள்ளயே வெக்கச் சொல்றீங்களா?"

அவள் குருவுக்கு ஒரு கும்பிடு போட்டாள், எனக்கு ஒன்று போட்டாள், படி இறங்கிப் போனாள். பஸ் வந்து போகும் சத்தம் கேட்கும்வரை மாசிலாமணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேசையைத் துடைத்தேன். மரத்தூளைக் கூட்டினேன். ஆணியை மற்றவற்றோடு போட டப்பாவைத் திறந்தேன். அதோடு கணக்கு நேராகிவிடும். குரு கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

மாசிலாமணி திரும்பி வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

"எடுத்துட்டுப் போகலீங்களே, சாமி. அப்ப இதை நான் யாருக்குச் செஞ்சேன்?"

குரு மேசையிலிருந்த ஆணியை எடுத்தார். அதிலிருந்த தூளை ஊதினார். உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினார்.

"இதை எங்க வெக்கறதா இருந்தீங்க?"

மாசிலாமணி ஆணியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வெகுநேரம் கழித்துக் கை நீட்டி வாங்கி, பெட்டிக்குள் வைத்தார்.

நான் டப்பாவை மூடினேன். டப்பாவில் நாற்பத்தாறு. பெட்டியில் ஒன்று. அதன் கழுத்தில், துருவோடு ஒட்டிப்போய் எடுக்க வராமல் நின்றுவிட்ட முடி, இரண்டு.