பதில் சொல்லாத ஜன்னல்

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைக்காரர். அவர் மனைவி கோமதிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. காது கேட்கும். எல்லாம் புரியும். வார்த்தை மட்டும் வராது. அவளுக்காகத்தான் அவர் இந்த வயதில் பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்கக் கிளம்பினார்.

கற்றுக்கொடுத்தவள் ரஹ்மத். அவருக்கு மகள் வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் லினக்ஸ் வகுப்பு எடுப்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அவர் திரையில் ஒரு ஜன்னல் செய்தார். ஜன்னல் நிறையப் படங்கள். செம்பு, கட்டில், மின்விசிறி, மாத்திரை. இடது கையால் கோமதி ஒரு படத்தை அமுக்கினால் கணினி அதைப் பேசும். "எனக்குக் காப்பி வேண்டும்" என்று அது முதன்முதலில் சொன்னபோது இரண்டு பேருமே அழுதுவிட்டார்கள்.

பிறகு தொல்லை ஆரம்பித்தது. ஜன்னல் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அடுத்ததை அமுக்கினால் அசையாது. திரும்ப அமுக்கினால் சாம்பல் பூத்துப்போகும். "பதில் இல்லை. காத்திருக்கவா, மூடவா?" என்று ஒரு பெட்டி வந்து நடுவில் நிற்கும்.

ஒரு நாள் காலை அவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். உப்பு போதவில்லை என்பதை ஜன்னல் நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது. கோமதி அவசரமாக இன்னொரு படத்தை அமுக்கினாள். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். "வாயைத் திற" என்றார் அவர். கரண்டி உள்ளே போனது.

அவள் நாக்கு வெந்த பிறகு ஜன்னல் விழித்துக்கொண்டது.

"சூடு. சூடு. சூடு. சூடு."

கோமதி லேப்டாப்பை மூடினாள். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

அந்த ஞாயிறு அவர் மாடிப்படியிலேயே கத்த ஆரம்பித்தார். "டீச்சர், இது உருப்படாது. மெமரி கூட்டியாச்சு. ஜன்னல் செய்யுத டூல்கிட்டையே மாத்தி, முதல்லேருந்து எழுதியாச்சு. எழவு, அப்பவும் உறைஞ்சு போவுது!"

"படம் போட்ட பட்டனுக்குள்ள என்ன வேலை வச்சிருக்கீங்க?"

"பட்டனை அமுக்கினா என்ன செய்யணுமோ அந்த வேலை. பேசுத வேலை."

"போன வாரமும் இதைத்தானே கேட்டேன்?"

"நானும் இதைத்தானே சொன்னேன்!"

ரஹ்மத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கூடத்தில் நாற்காலிகள் கலைந்து கிடந்தன.

"அண்ணாச்சி, இந்த நாற்காலியெல்லாம் அடுக்குங்க. அடுக்கி முடிக்கிற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது. யாருக்கும் பதில் சொல்லக் கூடாது."

"நான் படிக்க வந்தேனா, நாற்காலி தூக்க வந்தேனா?"

"அடுக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினார். டீக்காரர் வந்து, "சார், உங்க டீயை எங்க வைக்க?" என்றார். இவர் வாயைத் திறக்கவில்லை. "சார்! உங்களைத்தான்!" அதற்கும் பேச்சில்லை. டீக்காரர் ரஹ்மத்தைப் பார்த்து, "இவருக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கடைசி நாற்காலியை வைத்த கையோடு ஆவுடையப்பன் பாய்ந்தார். "என் டீ போச்சு!"

"அவர் அத்தனை தடவை கூப்பிட்டாரே. உயிரோடதானே இருந்தீங்க?"

"வேலையா இருந்தேன் டீச்சர்! நீங்கதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க?"

"உங்க ஜன்னலுக்கு அப்படிச் சொன்னது யாரு?"

அவர் அடுக்கிய நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நாற்காலியை யாரு தூக்க?" என்று கேட்டார்.

"வேற ஆளு. வாசல்ல நிக்கிற ஆளு கூப்பிட்டவங்களுக்குப் பதில் சொல்ல அங்கயே நிக்கட்டும்."

வீட்டுக்குப் போனவர் பேசும் வேலையைப் பட்டனிலிருந்து பிடுங்கி, பின்னால் தனியே ஓடும்படி விட்டார். பட்டன் இப்போது சொன்னதை வாங்கிப் பின்னால் கொடுத்துவிட்டு உடனே அடுத்ததற்குக் காதைத் திறந்து வைத்தது. கெஞ்சிக் கூத்தாடிக் கோமதியை அதன்முன் உட்கார வைத்தார். உப்பு போதவில்லை என்று அது இழுக்க ஆரம்பித்ததுமே அவள் "நிறுத்து" என்பதை அமுக்கினாள். பாதி வார்த்தையில் சத்தம் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி பேசவிட்டாள், மறுபடி நிறுத்தினாள்.

அடுத்த ஞாயிறு ஆவுடையப்பன் லேப்டாப்பும் கையுமாக வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இப்ப என்ன அண்ணாச்சி? உறையுதா?"

"உறையல. ஆனா எங்கயோ கோளாறு இருக்கு. பக்கத்து வீட்டு அம்மாகிட்ட இதை வச்சுச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதா. என்கிட்ட மட்டும் எரிஞ்சு விழுதா."

"என்ன நடந்துச்சு?"

"தண்ணின்னு அமுக்குதா. நான் செம்போட ஓடி வாரேன். தட்டி விடுதா. நேத்து செம்பையே தூக்கி எறிஞ்சுட்டா. குரல் தப்பாச் சொல்லுதோன்னு நான் எழுதின புரோகிராம் முழுக்கப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

"தண்ணிக்கு அப்புறம் எதை அமுக்கினாங்க?"

"அப்புறமா?"

"தண்ணின்னா குடிக்க மட்டுமா? செடிக்கு, குளிக்க, பூனைக்கு... எல்லாத்துக்கும் படம் இருக்குல்லா?"

"இருக்கு. நான்தானே போட்டேன்."

"அதுல எதை அமுக்கினாங்க?"

"எனக்கெப்படி டீச்சர் தெரியும்?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தான் அதுக்குள்ள அடுக்களைக்குப் போயிருப்பேனே!"

ரஹ்மத் லேப்டாப்பை மூடி, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"அப்ப இதுல ஒரு கோளாறும் இல்ல, அண்ணாச்சி."